மிஞ்சிப்போகும் மெழுகுதிரி

1

உள்ளதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். இந்தக் கதையில் வருகிற ஜப்பானியக் கல்லறைத் தோட்டம் ஆக்லாந்தில் கிடையாது. பிளாக்ஹவுஸ் பேயின் சின்னக் கடைத்தெருவைத் தாண்டி, கடலைப் பார்த்து இறங்குகிற சரிவில் அதை நட்டு வைத்தவன் நான். போனை எடுத்து வரைபடத்தில் தேட வேண்டாம். தேடிப் போனால் நாய்களை ஓடவிடுகிற ஒரு புல்வெளி இருக்கும், மாலையில் காற்று இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் தோட்டம் முழுப் பொய்யும் இல்லை. சிங்கப்பூரில் விமானம் மாறுவதற்காக ஒரு பகல் முழுக்கக் கிடக்க வேண்டி வந்தபோது, அங்கே இருக்கிற ஜப்பானியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன், வீட்டுக்குத் தெரியாமல். (வீட்டுக்கு என்றால் தாரிணிக்கு. தாரிணி என் மனைவி. ஊருக்குப் போய்த் திரும்புகிற வழியில் ஆசைப்பட்டுச் சுடுகாடு பார்க்கப் போகிறவனை அவள் வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.) காகிதப்பூச் செடிகளை வளைத்துக் கட்டியிருந்தார்கள். எழுத்துப் பொறித்த உயரமான கற்கள் வரிசையாக நின்றன. அவற்றைத் தாண்டி, முழங்கால் உயரம்கூட இல்லாத சின்னஞ்சிறு கற்கள் இருந்தன. அவற்றில் பெயர் எதையும் என்னால் காண முடியவில்லை. பெயர் இல்லாதவனுக்கும் ஒரு கல் நட வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். விமானத்தைக் கிட்டத்தட்ட விட்டேன்.

அந்தத் தோட்டத்தைத்தான் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து ஆக்லாந்தில் வைத்திருக்கிறேன். மேர்சியையும் அவள் கணவர் டொமினிக்கையும் நான் பார்த்தது வேறோர் இடத்தில். அது எந்த இடம் என்று சொல்லமாட்டேன். பெயர்களும் நான் வைத்தவைதான். ஏன் இவ்வளவு மறைப்பு என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கதையே.

2

முதல் வரி எழுதுவதற்குள் உயிர் போய்விட்டது. தூக்கிப் போட்டவற்றைப் பாருங்கள்.

“நவம்பர் மாதத்துக் காற்று கல்லறைகளுக்கு நடுவே புகுந்து —” வேண்டாம். காற்றில் ஆரம்பிக்கிற கதையைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும்.

“மேர்சியின் கண்களில் இனம்புரியாத ஒரு —” ஒரு என்ன? ஒரு மண்ணும் இல்லை. காலை ஷிப்டு முடித்து வருகிறவள் கண்ணில் தூக்கம்தான் இருக்கும்.

“இறந்தோரை நினைவுகூர்தல் எல்லாப் பண்பாடுகளிலும் —” இது கட்டுரை. கட்டுரை எழுதினால் யாருக்கும் கோபம் வராது, யாரும் படிக்கவும் மாட்டார்கள்.

தாரிணி எட்டிப் பார்த்துவிட்டு, “அந்தப் பொண்ணு கையில என்ன இருந்துச்சு? அதுல ஆரம்பிங்களேன்” என்றாள். இருபது வருடமாக எழுதுகிறவனுக்கு அது தோன்றவில்லை. சரி, அதிலேயே ஆரம்பிக்கிறேன்.

3

மேர்சியின் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. பைக்குள் மெழுகுதிரிகளும், காற்றுக்கு மறைவாக வைக்கக் கழுவி எடுத்த ஜாம் போத்தல்களும் இருந்தன. விரி என்கிற பகுதியில் அவள் பெட்டி கட்டுகிற வேர்ஹவுஸ் வாசலிலேயே காத்திருந்து டொமினிக் அவளை ஏற்றிக்கொண்டார். அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அன்றைக்கு வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்ததால் நகக்கண்ணெல்லாம் வெள்ளையாக இருந்தது. தகனினியில் இருக்கிற வீட்டுக்குப் போகும் பக்கம் திரும்பாமல் மோட்டார்வேயில் எதிர்த் திசையில் போனார்கள்.

அன்று நவம்பர் இரண்டு, சகல ஆத்துமாக்களின் நாள். இருவரும் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். அங்கே அந்த நாளில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். சேமக்காலை*யில் புல் செருக்கி, புது மணல் பரப்பி, பொழுது சாயும்போது ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுதிரி ஏற்றுவார்கள். ஒருவருக்கு ஒரு திரி. ஏற்றும்போது அவர் பெயரை மனதுக்குள் சொல்ல வேண்டும். தங்களுடைய ஆட்கள் வேறு ஊரில் அடங்கியிருந்தால் பெரிய சிலுவையின் காலடியில் ஏற்றிவிடலாம். மேர்சிக்கு ஆக்லாந்தில் ஒரு கல்லறையும் இல்லை. அப்பா, பெரியம்மா, கூடப் படித்த இரண்டு பேர் என்று அவளுடைய எல்லோரும் மன்னாரில் கிடக்கிறார்கள்.

(* கல்லறைகள் இருக்கிற இடத்துக்கு அவர்கள் ஊர்ச் சொல். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் கல்லறைத் தோட்டம் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்துக்குப் பெயரே சொல்லமாட்டார்கள், “அங்க” என்பார்கள்.)

ஆக்லாந்தில் நம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் சாமியாரோடு சேர்ந்து ஒரு பெரிய கல்லறைக்குப் போவது உண்டு. முடிந்ததும் கார் டிக்கியைத் திறந்து பால் தேநீரும் ரோல்ஸும் கொடுப்பார்கள். முதல் இரண்டு வருடம் மேர்சியும் போனாள். அதற்குப் பிறகு போகவில்லை. அங்கே அவள் எத்தனை திரி ஏற்றுகிறாள் என்பதைப் பார்க்கக் கண்கள் உண்டு. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் செய்தி மன்னாருக்குப் போய், அவள் அம்மா காதில் விழுந்துவிடும்.

அதனால்தான் தமிழ் ஆள் ஒருவரும் எட்டிப் பார்க்காத இடமாக டொமினிக் தேடிப் பிடித்தார். ஜப்பான்காரர்களின் கல்லறைத் தோட்டம். அங்கே எந்தத் தமிழன் வருவான்?

(நான் வந்தேன். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.)

4

எத்தனை திரி என்பதில் என்ன அப்படி என்றால், அதற்கு அன்றூவைச் சொல்ல வேண்டும்.

அன்றூ மேர்சியின் ஒரே தம்பி. மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து கடல் ஒத்துக்கொள்ளாதவன். வள்ளத்தில் ஏறிக் கரை மறைவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும், அவனும் சேர்ந்து சிரிப்பான். கடலே வேண்டாம் என்று போன் திருத்துகிற கடை போட்டான். கடை படுத்துவிட்டது. பிறகு யாரோ ஆசை வார்த்தை சொல்ல, நியூசிலாந்துக்குப் போகிற படகு என்று ஒன்றில் ஏறினான். அத்தனை தூரத்துக்கு, அவன்.

ஏறுவதற்கு முதல் நாள் அக்காவுக்குப் போன் எடுத்து, அங்கே சரியான குளிரோ என்று கேட்டிருக்கிறான். ஓமடா, காற்றுத்தான் பொல்லாதது என்றிருக்கிறாள் அவள். அன்று மாலையே போய் ஒரு தடித்த ஜாக்கெட் வாங்கினாள். அது இன்னும் விலைச் சீட்டுக்கூட வெட்டாமல் அலுமாரியில் தொங்குகிறது. டொமினிக்குக்கு அளவாக இருக்கும், ஆனால் அவர் அதைத் தொடுவதில்லை.

(இந்த ஜாக்கெட் விஷயத்தில் எனக்கே சந்தேகம். கதைக்கென்று தைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் டொமினிக் சொன்னது அதைத்தான், நான் ஒரு பொத்தான்கூடச் சேர்க்கவில்லை.)

அவன் படகில் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. படகு கவிழ்ந்தது என்பதற்கும் சாட்சி இல்லை, ஒரு பலகைகூட எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. வருடங்கள் போய்விட்டன. அம்மா செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோனியார் கோயிலுக்குப் போகிறார். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார்.

ஆத்துமாக்களின் நாளில் இந்தக் குடும்பத்தின் சிக்கல் இதுதான். செத்தவனுக்குத் திரி ஏற்றிச் செபிக்காவிட்டால், அவன் பாவம் தீரும்வரை உத்தரிக்கிற இடத்தில் கைகொடுக்க ஆளில்லாமல் நிற்பான் என்பது அவர்கள் நம்பிக்கை. உயிரோடு இருக்கிறவனுக்கு ஏற்றினாலோ, அவனைக் கொன்ற மாதிரி. இரண்டில் ஒன்று பெரும் பாவம். எது என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

5

ஒரு வருடம் மன்னாரில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, நல்ல மனதோடுதான், பெரிய சிலுவையடியில் அன்றூவுக்கென்று ஒரு திரி ஏற்றிவிட்டாள். பெயரையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அம்மா நாலு பேரை விலக்கிக்கொண்டு போனார், குனிந்தார், ஊதி அணைத்தார். திரியை எடுத்து அவள் கையிலேயே கொடுத்து, “உன்ர வீட்டு ஆக்களுக்குக் கொளுத்து” என்றார். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. சேமக்காலையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்த இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும் அம்மா போன் எடுத்து மகளிடம் கேட்பது ஒரே கேள்வி. மேர்சி சொல்வது ஒரே பதில்.

ஆனால் மேர்சியிடம் ஒரு பிழை இருந்தது. வருடாவருடம் ஒரு திரி மிஞ்சும். புறப்படும்போது மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, ஒவ்வொரு முகமாக நினைத்து ஒவ்வொரு திரியாக எடுப்பாள். கை அவனையும் சேர்த்து எடுத்துவிடும். ஏற்றும்போது வாய் அவனை விட்டுவிடும். மிஞ்சியது திரும்ப லாச்சிக்குப் போகும். டொமினிக் இதைக் கவனித்திருந்தார், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கல்யாணம் நிலைக்க அதுவும் ஒரு வழி.

6

இந்த இடத்தில் ஒரு சங்கடம். மேர்சி போன வருடம்வரை பொறுத்தவள். இந்த வருடம் மட்டும் ஏன் அந்தத் திரியை ஏற்றியே தீருவேன் என்று புறப்பட்டாள்? டொமினிக் காரணம் சொல்லவில்லை. அம்மா இந்த வருடம் விழுந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும், அதை வைத்து நான் ஒன்று எழுதினேன். எழுதியதை அப்படியே தருகிறேன்:

“ஆவணி மாதம் அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பில் அடிபட்டார். சேதி வந்த அன்று மேர்சி கன்வேயரில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அம்மா போய்விட்டால் கேட்க ஆள் இல்லை, பிறகு தம்பிக்கு நிம்மதியாகக் கொளுத்தலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது. அம்மாவின் சாவுக்காகக் காத்திருக்கிற மகளாக ஒரு நாளும் இருக்கமாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தாள். கொளுத்துவதென்றால் அம்மா இருக்கும்போதே கொளுத்துவது.”

எழுதிவிட்டுப் பயந்துபோனேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தலைக்குள் இப்படி ஒரு நினைப்பைக் கொண்டுபோய் வைக்க நான் யார்? அந்தப் பத்தியை அடித்துவிடப் போனேன். தாரிணியிடம் கொடுத்தேன், அவளே திட்டி அடிக்கட்டும் என்று.

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு, “அடிக்காதீங்க. எங்க அம்மா படுத்த படுக்கையா கிடந்தப்ப நான் என்னென்ன நினைச்சேன்னு உங்களுக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டுக் குக்கர் பார்க்கப் போய்விட்டாள்.

ஆகவே அந்தப் பத்தி அப்படியே இருக்கிறது. அது மேர்சியுடையதா தாரிணியுடையதா என்று இனிமேல் எனக்கே தெரியாது.

7

தோட்டத்துக்கு வருவோம். நான் நட்ட தோட்டம்தானே, வசதிப்படி சொல்கிறேன். வாசலில் கமேலியா வேலி. உள்ளே நுழைந்ததும் ஒரு தண்ணீர்க் குழாய், பக்கத்தில் மரவாளியும் நீண்ட பிடி போட்ட அகப்பையும். கப்பலில் வந்து இறங்கிய இடத்திலேயே இறந்துபோனவர்கள், சலவைக்கடை வைத்திருந்தவர்கள், இவர்களுடைய கற்கள் மேல்தட்டில். சரிவின் கடைசியில், ஒரு பொஹுட்டுகாவா மரத்தடியில், பெயரில்லாத சின்னக் கற்கள். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும். ஒரு கல்லின் முன்னால் யாரோ ஓர் ஆரஞ்சுப் பழமும் காப்பி டப்பாவும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

(இங்கே ஒரு ஜப்பானியக் கிழவரை வைத்திருந்தேன். குனிந்து கும்பிட்டு மேர்சியிடம் ஆழமாக ஒரு வார்த்தை சொல்வார், அவள் கண்ணீரோடு தலையாட்டுவாள். கதை வெண்ணெய் மாதிரி முடிந்துவிடும். அவரைத் தூக்கிவிட்டேன். அன்றைக்கு அங்கே எந்தக் கிழவரும் இல்லை.)

மேர்சி அகப்பையைப் பார்த்தாள். ஊரில் திரி ஏற்றுமுன் சிலுவையைக் கழுவுவார்கள் என்பதால், அவளும் வாளியில் தண்ணீர் பிடித்து ஒரு சின்னக் கல்லின் தலையில் ஊற்றி, பாசியைக் கையாலேயே தேய்த்தாள். ஜப்பானியர்களும் கல்லறைக்கு வந்தால் முதலில் அதைத்தான் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கழுவிய கல்லின் முன்னால் ஜாம் போத்தல்களை வரிசையாக வைத்தாள். அப்பாவுக்கு ஏற்றினாள். பெரியம்மாவுக்கு ஏற்றினாள். கூடப் படித்தவர்களுக்கு ஏற்றினாள். கடைசியாக, அங்கே படுத்திருக்கிற அந்தப் பெயரில்லாத ஜப்பான்காரருக்கு, இடம் கொடுத்ததற்காக ஒன்று.

வழக்கம்போல ஒரு திரி மிஞ்சியது. ஒரு போத்தலும் காலியாக நின்றது. போத்தலையும் அவள் கை எண்ணித்தான் எடுத்திருந்தது.

டொமினிக் அருகில் வந்து குந்தினார். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார்.

“இஞ்ச பாரும். நினைப்பார் இல்லாத ஆத்துமாக்களுக்கெண்டு கொளுத்தும். பேர் சொல்லாதேயும். அவன் அதுக்குள்ள இருந்தா அவனுக்குப் போகும். இல்லையெண்டா ஆருக்கோ போகட்டும். அம்மாவுக்கும் பொய்யில்லை.”

செபப் புத்தகத்திலேயே அப்படி ஒரு செபம் உண்டு. யாருமே நினைக்காத ஆத்துமாக்களுக்காக என்று. நல்ல வழிதான். ஒரு மனைவிக்காக இவ்வளவு தூரம் மூளையைக் கசக்கிய கணவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து. மேர்சியும் யோசித்துப் பார்த்தாள். லைட்டரைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். பிறகு கேட்டாள்.

“அது நினைக்க ஆள் இல்லாதவைக்கு. அவன் நினைக்க ஆள் இல்லாதவனே?”

 டொமினிக் எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்துத்தான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கற்களை வேடிக்கை பார்த்தபடி, கறுத்த தமிழ் முகம் ஒன்று சரிவில் இறங்கி வந்தது. நான்தான்.

8

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், என்ன நடந்ததாக எழுதலாம் என்று நான் திட்டம் போட்டதையும் பார்த்துவிடுங்கள்.

முதல் முடிவு. மேர்சி திரியை ஏற்றுகிறாள், காற்று அணைத்துவிடுகிறது. ஏற்றிய மாதிரியும் ஆச்சு, ஏற்றாத மாதிரியும் ஆச்சு. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தாரிணி, “ஜாம் பாட்டில் எதுக்குக் கொண்டுவந்தா, காத்து அணைக்கக் கூடாதுன்னுதானே?” என்றாள். உண்மைதான். ஒரு பெண் துணிய வேண்டிய இடத்தில் காற்றைத் துணிய விடுவது கோழைத்தனம்.

இரண்டாவது. திரியைப் பைக்குள் போட்டுவிட்டு, வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தம்பியை நினைத்து அந்தக் கல்லில் ஊற்றுகிறாள். ஜப்பானிய வழக்கமும் நம் வழக்கமும் கைகுலுக்குகிற முடிவு, விழாவில் வாசித்தால் கைதட்டுவார்கள். தாரிணி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “தண்ணியில போன பையனுக்குத் தண்ணி ஊத்துறதா? உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?” அதற்குப் பிறகு அன்று முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றாவது. லைட்டரைத் தட்டப் போகும்போது போன் அடிக்கிறது. தெரியாத நாட்டு எண். “அக்கா” என்று ஒரு குரல். செத்தவன் போன் பண்ணுகிற கதையை —

செத்தவன் என்று எழுதிவிட்டேன். அடித்துவிடுகிறேன். காணாமல் போனவன்.

பாருங்கள், நான் அவனைப் பார்த்ததுகூட இல்லை. கதை எழுதுகிற அவசரத்தில் ஒரு சொல்லில் அவனை முடித்துவிட்டேன். இங்கே பேனா வைத்திருப்பதும் லைட்டர் வைத்திருப்பதும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு மேற்கொண்டு எழுதவில்லை.

9

இனி நடந்தது.

என்னைப் பார்த்ததும் டொமினிக் சரசரவென்று மேலே ஏறி வந்தார். தமிழோ என்று கேட்டார். ஆமா என்றேன். என் தோளில் கையைப் போட்டு, பழகிய ஆள் மாதிரி அப்படியே என்னைத் திருப்பி, கார் நிற்கிற பக்கமாக நடத்திக்கொண்டு போனார். நான் திரும்பிப் பார்க்க முயன்றபோதெல்லாம் அவருடைய உடம்பு நடுவில் வந்து நின்றது. எந்த ஊர், என்ன வேலை, வீட்டு வாடகையா மோர்கேஜா என்று கேட்டார். எழுதுகிறவன் என்று நான் உளறிவிட்டேன். அவர் ஒரு கணம் நின்று என்னை அளந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அன்றூ, வாந்தி, ஜாக்கெட், அம்மா ஊதிய திரி, மிஞ்சுகிற திரி, சற்று முன்னால் அவர்களுக்குள் நடந்த பேச்சு, எல்லாம். என்னை நம்பிச் சொன்னார் என்று முதலில் பெருமைப்பட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது, கீழே அவளுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுக்கிறதற்காக என்னைக் கதையால் கட்டிப்போட்டிருக்கிறார் மனிதர். எழுதுகிறவனுக்குக் கதையைக் காட்டினால் கண் வேறு எங்கே போகும்?

(மேர்சியின் பேச்சையும் டொமினிக்கின் பேச்சையும் எழுதும்போது என் தமிழ்நாட்டுக் காது எங்கெங்கே பிசகியிருக்கிறதோ, மன்னார்க்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

மேர்சி வந்தாள். வேர்ஹவுஸ் மேலங்கியின் பைகளில் இரண்டு கையும் இருந்தன. எனக்கு ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். காரில் ஏறி உட்காருவதற்குள் போன் அடித்தது. இங்கே மாலை என்றால் அங்கே காலை. ஒரு கையாலேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஜன்னலோரம் நின்றேன். விலகிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

கோழிச் சத்தம் கேட்டது, பிறகு அம்மாவின் குரல். இடுப்பு எப்படி என்று மேர்சி கேட்டதற்கு, கிடக்குது என்றார். அப்பாவுக்குக் கொளுத்தினாயா, பெரியம்மாவுக்குக் கொளுத்தினாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஓம் அம்மா, ஓம் அம்மா என்றாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

“தம்பிக்குக் கொளுத்தேல்லைத்தானே?”

“இல்லையம்மா.”

வருடாவருடம் இதோடு முடிந்துவிடுகிற பேச்சு அது என்று டொமினிக் சற்று முன்புதான் சொல்லியிருந்தார். அன்றைக்கு அம்மா போனை வைக்கவில்லை. கோழி கொஞ்ச நேரம் கத்திக்கொண்டிருந்தது.

“அப்ப ஒண்டு மிஞ்சியிருக்கும்.”

மேர்சி டொமினிக்கைப் பார்த்தாள். நீங்களா சொன்னீர்கள் என்பது அந்தப் பார்வை. அவர் இல்லை என்று தலையாட்டினார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

“எனக்கும் ஒவ்வொரு வருசமும் ஒண்டு மிஞ்சும், பிள்ளை,” என்றார் அம்மா. “எறிஞ்சு போடாதே. வை.”

 மேலங்கிப் பைக்குள் இருந்த கையை மேர்சி வெளியே எடுக்கவில்லை. அழுகிறாளோ என்று பார்த்தேன், அழவில்லை. இத்தனை வருடமாகத் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த பிழை அம்மாவின் கையிலும் இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“ஓம் அம்மா,” என்றாள் கடைசியில். “இருக்கு.”

10

டொமினிக் காரைக் கிளப்பினார். மேர்சி ஜன்னலை இன்னும் கொஞ்சம் இறக்கினாள்.

“அண்ணா, நீங்கள் எழுதுற ஆளாமே. எழுதுறதெண்டா எழுதுங்கோ. நான் கொளுத்தினனெண்டு எழுதாதேங்கோ. கொளுத்தேல்லையெண்டும் எழுதாதேங்கோ.”

இரண்டும் கூடாதா என்று கேட்டேன், முட்டாள் மாதிரி.

“அம்மா கேட்டா முதலாவது கூடாது. அவன் கேட்டா ரெண்டாவது கூடாது.”

கார் போய்விட்டது. போய்விட்டு வருகிறேன் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் சொல்லக்கூடாது என்பது எங்கள் பழக்கம். அவர்களுக்கும் இருக்கிறதோ என்னவோ.

மெழுகு உருகினால் போத்தலின் அடியில் தெரியும். அவள் போத்தல்களை எடுத்துப்போகவில்லை, ஏற்றிய திரிகள் எரிந்து முடியட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருந்தாள். நான் சரிவில் இறங்கினேன். பெயரில்லாத அந்தச் சின்னக் கல்லுக்கு முன்னால் நின்றேன். கடைசிப் போத்தலைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பின்வாசல் வழியாகவே நுழைந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளித்தேன். சட்டைத் தோளில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்ததைத் தாரிணி பார்த்துவிட்டாள், ஆகவே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. போத்தல்வரைக்கும் சொன்னேன். “எனக்காவது சொல்லுங்களேன், நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?” என்றாள். சொல்லவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் தானாகவே, சொல்லாததும் நல்லதுதான் என்றாள்.

தோட்டத்தை ஏன் இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும். இருக்கிற இடத்தைச் சொன்னால் உங்களில் ஒருவர் போவீர்கள், கட்டாயம் போவீர்கள், குனிந்து கல்லடியில் மெழுகு தேடுவீர்கள். நானே போனவன்தானே. பிளாக்ஹவுஸ் பேயில் எவ்வளவு குனிந்து தேடினாலும் புல்தான் கிடைக்கும்.

இந்தக் கதை எப்படியும் மன்னாருக்குப் போகும். யாராவது அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார்கள். பெயரை எவ்வளவு மாற்றினாலும், ஊதி அணைத்தவருக்குத் தன்னைத் தெரியாமல் போகாது. வாசித்தவரைப் பார்த்து அவர் அந்தக் கேள்வியைக் கேட்பார். வாசிக்கிறவர் நீங்களாக இருந்தால், முடிவு உங்கள் வாயில்தான் இருக்கிறது. உங்களுக்கு எது உண்மை என்று படுகிறதோ அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவிடம் மகள் சொன்னதையே சொல்லுங்கள். இருக்கிறது, எறியவில்லை, பத்திரமாக இருக்கிறது என்று.